39 மில்லிமீட்டர் வாசல்

ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனி மைக்ராஸ்கோப் செய்து பேர் வாங்கியிருந்தது. 1911-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆஸ்கர் பர்னாக்குக்குப் புகைப்படப் பித்தும் இருந்தது, ஆஸ்துமாவும் இருந்தது. அன்றைய கேமரா என்றால் பெரிய பெட்டி, கண்ணாடித் தகடுகள், முக்காலி. அவ்வளவையும் சுமந்துகொண்டு மேடேறினால் படம் எடுப்பதற்குள் மூச்சு இரைத்துவிடும். பர்னாக் சினிமா பிலிமைக் கையில் எடுத்தார். இரண்டு ஃப்ரேம் இடத்தை ஒரே படமாக்கி, 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில், சட்டைப்பைக்குள் போகும் ஒரு கேமராவை 1914 வாக்கில் செய்து முடித்தார். உடனே உலகப் போர் வந்தது. போர் ஓய்ந்ததும் ஜெர்மனியின் பணம் காகிதமானது. பத்து வருஷம் அந்தக் கேமரா கம்பெனிக்குள்ளேயே கிடந்தது. 1924-இல், தயங்கிய ஆலோசகர்களை மீறி, துணிந்து செய்துவிடுவது என்று இளைய எர்ன்ஸ்ட் லைட்ஸ் முடிவெடுத்தார். 1925 வசந்தத்தில் லைப்ஸிக் வர்த்தகக் கண்காட்சியில் லைக்கா என்ற பெயரில் அந்தக் கேமரா அறிமுகமானது. முன்னால் இருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கணக்குப் போட்டவர் மேக்ஸ் பெரெக். லென்ஸ் உடலோடு ஒட்டிப் பிறந்தது. கழற்ற முடியாது. எனவே அதில் யாருடைய லென்ஸை மாட்டலாம் என்ற கேள்விக்கே இடமில்லை.

ஐந்தே வருஷத்தில் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கவும், குறுகிய அறைக்குள் எல்லாரையும் அடக்கவும் ஆட்கள் ஆசைப்பட்டார்கள். 1930-இல் லைட்ஸ் லென்ஸைக் கழற்றி மாட்டும் லைக்காவைக் கொண்டுவந்தது. கேமராவின் வாயில் திருகு மரை வெட்டினார்கள். குறுக்களவு 39 மில்லிமீட்டர். மரையின் நெருக்கமோ அங்குலத்துக்கு 26 சுற்று. வட்டம் மெட்ரிக், மரை ஆங்கில அளவு! மைக்ராஸ்கோப் உலகில் ஆங்கில மரைதான் அப்போது வழக்கம், லைட்ஸோ பரம்பரை மைக்ராஸ்கோப் கம்பெனி. இந்தக் கலப்பு அளவு பின்னால் பல தேசத்துப் பட்டறைகளைச் சோதிக்கப்போகிறது என்று மரை வெட்டிய தொழிலாளி நினைத்திருக்க மாட்டார்.

முதலில் அது லைட்ஸையே சோதித்தது. மரை பொருந்தினால் மட்டும் போதாது. லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் வரை உள்ள இடைவெளி மயிரிழை பிசகினாலும் படம் மங்கும். 1930-இல் வந்த லைக்காக்களில் இந்த இடைவெளி கேமராவுக்குக் கேமரா கொஞ்சம் மாறியது. ஒவ்வொரு லென்ஸையும் அதற்கென்று ஓர் உடலில் வைத்துச் சரிசெய்து, அந்த உடலின் எண்ணை லென்ஸிலும் பொறித்தார்கள். புது லென்ஸ் வேண்டியவர் தன் கேமராவை வெட்ஸ்லாருக்கு அனுப்ப வேண்டும். ஒரு லைக்காவின் லென்ஸ் பக்கத்து லைக்காவுக்கே அந்நியம். இந்த நிலையில் அடுத்த கம்பெனியின் லென்ஸ் எப்படி உள்ளே வரும்?

1931-இல் லைட்ஸே அந்த முடிச்சை அவிழ்த்தது. இனி எல்லா உடலிலும் இடைவெளி 28.8 மில்லிமீட்டர் என்று நிலைநிறுத்தினார்கள். திருத்திய கேமராவின் வாயருகே சின்னதாக ஒரு பூஜ்யம் பொறித்தார்கள். அந்தப் பூஜ்யம் இருந்தால் எந்த லைக்கா லென்ஸும் மாட்டலாம். சொந்த வாடிக்கையாளரின் வசதிக்காகச் செய்த வேலைதான். ஆனால் ஓர் அளவு நிலைத்துவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம் அல்லவா?

மறு வருஷம் வாசலில் இன்னொரு பூட்டு விழுந்தது. 1932-இல் வந்த இரண்டாம் லைக்காவுக்குள் ரேஞ்ச்பைண்டர் இருந்தது. கேமராவின் மேல்முகத்தில் இரண்டு சாளரங்கள். இரண்டிலும் தெரியும் உருவங்கள் கண்ணுக்குள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் ஃபோகஸ் சரி. லென்ஸின் பின்விளிம்பு முன்னும் பின்னும் நகர்ந்து உள்ளே இருக்கும் சிறு உருளையைத் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு அளவுகோல், 51.6 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள லென்ஸின் நகர்வு. லென்ஸ் 35 ஆனாலும் 135 ஆனாலும் அதன் பின்விளிம்பு இந்த நகர்வைத்தான் நடித்துக் காட்ட வேண்டும். மரை, இடைவெளி, தள்ளல் என்று மூன்று கணக்கும் ஒருசேரப் பொருந்தாத லென்ஸ் லைக்காவில் குருடு.

அதே 1932-இல் ஸைஸ் ஐக்கான் கம்பெனி கான்டாக்ஸ் கேமராவோடு எதிரே வந்து நின்றது. அதன் துருப்புச்சீட்டு லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த ஸோனார், எஃப் 1.5. லைக்காவில் இருந்த பெரெக்கின் எல்மார் லென்ஸோ எஃப் 3.5. இந்த எண் குறையக் குறைய லென்ஸ் வாங்கும் வெளிச்சம் கூடும். விளக்கு வெளிச்சத்தில் கான்டாக்ஸ்காரர் படம் எடுத்துக்கொண்டிருக்க, எல்மாரை மட்டும் நம்பிய லைக்காக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஏக்கத்தைக் கிழக்கே கோர்லிட்ஸ் ஊரில் இருந்த ஹூகோ மேயர் கம்பெனி மோப்பம் பிடித்தது. ஸைஸுக்காக ஒரு காலத்தில் டெஸ்ஸாரையும் பிளானாரையும் படைத்த பால் ருடால்ஃப் பின்னாளில் அந்தக் கம்பெனிக்கு வடிவமைத்துக் கொடுத்த கினோ பிளாஸ்மாட், எஃப் 1.5 வெளிச்சத்தோடு லைக்கா மரையில் ஏறியது. அயலார் லென்ஸ் உள்ளே நுழைந்துவிட்டது. ஆனால் அந்த வாசலை உலகறியச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர்.

சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில், தெருவில் திரிந்த அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த கம்யூன் ஒன்று இருந்தது. அதை வழிநடத்தியவர் கல்வியாளர் ஆன்டன் மக்காரென்கோ. அந்தப் பிள்ளைகள் கையில் லைக்கா ஒன்று வந்தது. பிரித்தார்கள், அளந்தார்கள், அதேபோல் செய்தார்கள். 1934-இல் ஃபெட் கேமராவின் உற்பத்தி தொடங்கியது. சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ட்செர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகளே அதன் பெயர். வீடில்லாப் பிள்ளைகள் உலகின் மிக நுட்பமான கேமராக்களில் ஒன்றைச் செய்துகாட்டியது இந்தக் கதையிலேயே என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம். ஆனால் ஆங்கில மரை அவர்களுக்கு வழக்கமில்லை. சோவியத் மரையின் நெருக்கம் ஒரு மில்லிமீட்டர், லைக்காவுடையது 0.977. ஆரம்பகால ஃபெட்களில் அந்த 28.8 இடைவெளியும் நிலையாக இல்லை; உடலுக்கு உடல் லென்ஸைச் சரிசெய்தே மாட்டினார்கள். பார்வைக்கு லைக்கா. லென்ஸை மாற்றினால் மங்கல். வெட்ஸ்லார் 1931-இல் அவிழ்த்த முடிச்சு கார்கிவில் மறுபடி விழுந்திருந்தது.

டோக்கியோவிலும் ஒருவர் லைக்காவைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோரோ யோஷிதா சினிமாக் கருவிகளோடு பழகிய கை. பிரித்துப் பார்த்தால் உள்ளே பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர். இந்தச் சாதாரணப் பொருள்களைச் சேர்த்ததற்கா இத்தனை விலை என்று அவருக்குக் கோபமே வந்தது. 1933-இல் ரோப்போங்கியில் சின்னதாகப் பட்டறை போட்டார்கள். மறு வருஷமே குவானன் என்ற பெயரில் விளம்பரம் வந்தது. குவானன் கருணைத் தெய்வம், நம் பழைய அவலோகிதர். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் சொல்லும்; அவரேதான் ஜப்பானில் கேமராவுக்குப் பெயரானார். லென்ஸுக்கு புத்தரின் சீடர் காசியபரின் பெயர். பெயரெல்லாம் பிரமாதம். ஆனால் நல்ல லென்ஸ் செய்ய அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது!

தெரிந்தவர்கள் அதே நகரத்தில் இருந்தார்கள். 1917-இல் தொடங்கிய நிப்பான் கோகாகு, பின்னாளைய நிக்கான், கடற்படைக்குத் தொலைநோக்கியும் தூரமானியும் செய்யும் கம்பெனி. அது தன் நிக்கோர் லென்ஸைக் கொடுத்தது. குவானன் என்ற பெயர் கேனானாக மாறி, 1936-இல் ஹன்ஸா கேனான் கடைக்கு வந்தபோது உடலில் கேனான் என்றும் லென்ஸில் நிக்கோர் என்றும் எழுதியிருந்தது. பிற்காலத்தில் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட கேனானும் நிக்கானும் ஒரே கேமராவில் ஒட்டிக்கொண்டுதான் பிறந்தார்கள். பிறகு போர் மூண்டது. கேமரா விளையாட்டு நின்றது. யமாட்டோ போர்க்கப்பலின் உச்சியில் 15 மீட்டர் நீளத் தூரமானியை ஏற்றியது நிப்பான் கோகாகு. லைக்காவின் நெற்றிக்குள் சில சென்டிமீட்டரில் ஒளிந்திருக்கும் ரேஞ்ச்பைண்டருக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றே. 1945-இல் யமாட்டோ கடலில் மூழ்கியது. அதன் தூரமானியைச் செய்தவர்களின் பிழைப்பும் கூடவே மூழ்கிவிடும் போலிருந்தது.

தோற்ற ஜெர்மனிக்கு வேறு அடி. போரில் வென்ற நாடுகள் லைக்காவின் காப்புரிமைகளை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் ரீட், அமெரிக்காவில் கார்டன் என்று லைக்காவின் நகல்கள் பிறந்தன. எல்லாவற்றின் வாயிலும் அதே 39 மில்லிமீட்டர். ஸைஸின் ஸோனார் ரஷ்யாவுக்குப் போய் ஜூபிட்டர் என்ற பெயரில் அதே மரையில் வந்தது. இன்றும் சிலர் ஜூபிட்டரை லைக்காவில் மாட்டி, கிட்டத்தில் எடுத்த முகம் மங்கிப்போனதென்று குழம்புவதுண்டு. லென்ஸ் மேல் பழி சொல்வது நியாயமில்லை. அதன் தள்ளல் கணக்கு 51.6-ஐ ஒட்டியது அல்ல, கான்டாக்ஸின் அளவை ஒட்டியது. ஜப்பானிலும் கேனான், நிக்கா என்று லைக்கா வழிவந்த கேமராக்கள் முளைத்தன. அவற்றுக்காகவே நிப்பான் கோகாகு தன் நிக்கோர்களை லைக்கா மரையிலும் வெட்டியது. லென்ஸ் தயார். ஆனால் ஜப்பான் சரக்கென்றால் மலிவான போலி என்று முகம் சுளித்த காலம் அது. அசல் லைக்காவில் அதை மாட்ட யார் முன்வருவார்?

1950 ஜூன். லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். மிசௌரிக்காரர், பசிபிக் போரில் மரைன் படையில் இருந்தவர், லைக்காவைக் கைவிடாதவர். ஜூன் மிக்கி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர் மங்கிய வெளிச்சத்தில் அவரை ஒரு படம் எடுத்தார். லென்ஸ் 85 மில்லிமீட்டர் நிக்கோர், எஃப் 2. இந்த வெளிச்சத்தில், அதுவும் ஜப்பான் லென்ஸில் என்ன விழப்போகிறது என்று டங்கன் அதைப் பொருட்படுத்தவில்லை. மிக்கி பிரிண்ட் போட்டு வந்து நீட்டினார்.

டங்கன் அந்தப் பிரிண்ட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஜெர்மன் லென்ஸ் எதுவும் கொடுக்காத கூர்மை அதில் இருந்தது. ஃபார்ச்சூன் பத்திரிகையின் ஹொரேஸ் பிரிஸ்டலையும் கூட்டிக்கொண்டு நேரே நிப்பான் கோகாகு தொழிற்சாலைக்குப் போனார். தலைவர் மசாவோ நாகாவோக்கா அவர்களை வரவேற்று, சோதனை ப்ரொஜெக்டரில் லென்ஸ்களை ஏற்றிக் காட்டினார். ஜெர்மன் லென்ஸ்களும் அதே சோதனைக்கு ஏறின. திரையில் கோடுகள் விழுந்தன. விவாதத்துக்கு இடமே இருக்கவில்லை. டங்கன் தன் இரண்டு லைக்காக்களின் ஜெர்மன் லென்ஸ்களைக் கழற்றினார். அந்த இடத்தில் நிக்கோர்களைத் திருகினார். இருபது வருஷத்துக்கு முன் வெட்ஸ்லாரில் வெட்டிய மரையில், போர்க்கப்பலுக்குக் கண் செய்தவர்களின் லென்ஸ் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. திருகிய சூடு ஆறுவதற்குள், ஜூன் 25-ஆம் தேதி, கொரியப் போர் வெடித்தது.

டங்கன் அந்த லைக்காக்களோடு கொரியாவுக்குப் பறந்தார். புழுதி, மழை, பிறகு எலும்பை உறையவைக்கும் குளிர். சிப்பாயின் கண்ணில் தேங்கிய களைப்பு வரை படத்தில் விழுந்தது. நியூயார்க்கில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் லென்ஸைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நிக்கானையும் அதன் லென்ஸ்களையும் பற்றி எழுதியது. மறு வருஷம் டங்கனின் கொரியப் படங்கள் புத்தகமாக வந்தன. லைக்கா உடலில் அயலார் லென்ஸ் என்பது காசில்லாதவரின் சமரசம் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப்போனது. வெட்ஸ்லார் சும்மா இருக்குமா?

1954-இல் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் வெட்ஸ்லாரின் பதில் வந்தது. லைக்கா எம் 3. பெரிய, வெளிச்சமான வ்யூஃபைண்டர். லென்ஸை மாட்டியதும் அதற்கேற்ற கட்டம் தானாகவே கண்ணில் தெரியும். திருகு மரை போயே போய்விட்டது. ஒரு சின்னத் திருப்பில் பூட்டிக்கொள்ளும் பயனெட் வாய் வந்திருந்தது. டோக்கியோவில் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். நிக்கோர், கேனான், ஜூபிட்டர் எல்லாம் ஒரே நாளில் வாசலுக்கு வெளியே! லைட்ஸ் நினைத்திருந்தால் அங்கேயே கதவை இறுக அடைத்துத் தாழ் போட்டிருக்கலாம்.

போடவில்லை. லைட்ஸுக்கு ஒரு கடன் இருந்தது. கால் நூற்றாண்டாகத் தன்னிடம் காசு கொடுத்துத் திருகு லென்ஸ் வாங்கியவர்களை எப்படிக் கைவிடுவது? அதனால் எம் 3-இன் வாயிலிருந்து பிலிம் வரை இடைவெளியை 27.8 மில்லிமீட்டராக வைத்தார்கள். பழைய 28.8-லிருந்து சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டர் தற்செயல் அல்ல. அந்தக் கனத்துக்கு ஒரு வளையம் கடைந்தார்கள். உட்பக்கம் 39 மில்லிமீட்டர் திருகு மரை, வெளிப்பக்கம் புதிய பயனெட். பழைய லென்ஸை வளையத்தில் திருகி எம் 3-இல் மாட்டினால் ஃபோகஸ் பிசகாது, ரேஞ்ச்பைண்டர் வேலை செய்யும், கட்டம்கூடச் சரியாகத் தெரியும். கட்டத்துக்கென்றே 50, 90, 135 என்று வளையத்தில் மூன்று வகை. பழைய லைக்காக்காரர்கள் ஒரு லென்ஸையும் இழக்கவில்லை. ஆனால் வளையத்துக்குத் தன் மரையில் ஏறும் லென்ஸ் வெட்ஸ்லாரில் செய்ததா, டோக்கியோவில் செய்ததா என்று என்ன தெரியும்?

வாசல் திறந்தே இருந்தது. உள்ளே வரத்தான் ஆளில்லாமல் போனது. எம் 3-ஐ அதன் ஆட்டத்திலேயே வெல்வது கடினம் என்று கண்ட ஜப்பானியர்கள் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பினார்கள். 1959-இல் நிக்கான் எஃப் வந்தது. பத்திரிகைக்காரர்கள் அதன் பின்னால் போனார்கள். ரேஞ்ச்பைண்டரே வழக்கொழியும் பொருள்போல் ஆனது. எழுபதுகளில் லைக்காவின் எம் வரிசைக்கே மூச்சு முட்டியது. எம் 4-2 கனடாவின் மிட்லண்டில் பிறக்க வேண்டிவந்தது. எழுபதுகளிலிருந்து மினோல்டா எம் வாய்க்குக் கொடுத்த சில லென்ஸ்களைத் தவிர அந்தப் பக்கம் பெரிய சலசலப்பில்லை. 39 மில்லிமீட்டர் திருகு மரை பழைய சாமான் கடைக்குரியதாயிற்று.

1999-இல் ஜப்பானின் நாகானோ மாகாணத்திலிருந்து ஒரு விசித்திரச் செய்தி வந்தது. அங்கே நாகானோ நகரில் அல்ல, நாக்கானோ என்ற ஊரில், கொசினா என்ற கம்பெனி. நிக்கான் எஃப்எம் 10, கேனான் டி 60, ஒலிம்பஸ் ஓஎம் 2000 என்று பிறர் பெயரில் கேமரா செய்து கொடுத்தே காலம் தள்ளியது. அதன் தலைவர் ஹிரோஃபுமி கோபயாஷி, ஃபோக்லண்டர் என்ற பெயருக்கு உரிமம் வாங்கினார். 1756-இல் வியன்னாவில் தொடங்கியது ஃபோக்லண்டர். புகைப்படக்கலையைவிட வயதில் மூத்த பெயர். ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்ட உருவப்பட லென்ஸை 1840-இல் செய்தது அதுவே. அந்தப் பெயரைத் தாங்கி இப்போது வந்த பெஸ்ஸா எல் கேமராவிலோ ரேஞ்ச்பைண்டர் இல்லை. வ்யூஃபைண்டரும் இல்லை! ஃபோகஸ் பார்க்க வழியில்லாத கேமராவை யாருக்காகச் செய்தார்கள்?

விடை அதனோடு வந்த லென்ஸில் இருந்தது. 15 மில்லிமீட்டர் ஹீலியார். அவ்வளவு அகன்ற பார்வையில் கிட்டத்தட்ட எல்லாமே கூர்மையாக விழும். ரேஞ்ச்பைண்டர் தேவையே இல்லை. அன்று லைக்காவின் சொந்த எம் லென்ஸ்களில் மிக அகன்றது 21 மில்லிமீட்டர். இந்தச் சின்ன லென்ஸோ 15. கோபயாஷி அதன் பின்புறத்தில் வெட்டச் சொன்ன மரை 39 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 26 சுற்று. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த அதே திருகு. அதை வாங்கியவர்களில் பலர் பெஸ்ஸாவோடு நிற்கவில்லை. அலமாரியைத் திறந்து, 1954-இல் பிறந்த அந்த ஒரு மில்லிமீட்டர் வளையத்தைத் தேடி எடுத்து, தங்கள் லைக்காவில் மாட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். 2001-இல் பெஸ்ஸாவே எம் பயனெட்டுக்கு மாறியது. 2004 ஃபோட்டோகினாவில் இன்னொரு பழைய பெயர் எழுந்து வந்தது: ஸைஸ். 1932-இல் லைக்காவை வீழ்த்த ஸோனாரோடு வந்த அதே ஸைஸ், இப்போது எம் வாய்க்கென்றே லென்ஸ் வரிசையை அறிவித்தது. ஸோனாரும் அதில் இடம்பெற்றது. பெரும்பாலானவை தயாரானது ஜப்பானில், கோபயாஷியின் கொசினாவில்.

இன்று பிலிம் லைக்கா வைத்திருப்பவர் பையில் ஃபோக்லண்டரோ ஸைஸோ ஒரு பழைய நிக்கோரோ இருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கூடவே ஒரு தட்டை வளையமும் கிடக்கும், காசைவிடப் பெரிது, கனம் ஒரு மில்லிமீட்டர். மிக்கி டங்கனைப் படமெடுத்த 85 மில்லிமீட்டர் நிக்கோரின் உடன்பிறப்புகள் அதன் வழியாக இன்றும் எம் கேமராக்களில் ஏறுகின்றன. 2022-இல் வெட்ஸ்லார் மறுபடி செய்யத் தொடங்கிய பிலிம் கேமரா எம் 6-இலும் வாயிலிருந்து பிலிம் வரை உள்ள இடைவெளி 27.8 மில்லிமீட்டர்தான்.